நாயின் காதைச் சும்மா விடுங்கள்

நாய் வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "வாரம் ஒரு தடவை காதை க்ளீன் பண்ணிடணும், இல்லேன்னா சீழ் பிடிச்சுடும்." குட்டியை விற்கிறவர் இதைச் சொல்லித்தான் கையில் கொடுக்கிறார். முடிவெட்டிக் குளிப்பாட்டும் கடைகளில் காது சுத்தத்துக்குத் தனிக் கட்டணம் போட்டுப் பலகையே வைத்திருக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்களிலும் பலர் தடுப்பூசியைப் போட்டு முடித்துவிட்டு, போகிற போக்கில் இதையே சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். நலமாக இருக்கும் நாயின் காதுக்கு வாராவாரம் கழுவல் தேவையில்லை. அது நோயைத் தடுப்பதும் இல்லை. அளவுக்கு மீறிக் கழுவிய காதுகள் கழுவியதாலேயே கெட்டு வருவதை என் மேசைமேல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதையெல்லாம் விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. காது ஏன் கெட்டது என்ற கேள்வியையே இந்தப் பழக்கம் யாரையும் கேட்க விடுவதில்லை. "சரியா சுத்தம் பண்ணலை, அதான்" என்று வீட்டுக்காரர் தன்னைத்தானே நொந்துகொள்கிறார். மருத்துவரும் ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். நாய் தலையை உதறிக்கொண்டே திரும்பிப் போகிறது.

காது எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மனிதக் காதின் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போய், இரண்டரை சென்டிமீட்டரில் செவிப்பறையைத் தொட்டுவிடும். நாய்க்கு அப்படி இல்லை. மடலின் அடியில் தொடங்கும் குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்குகிறது. தாடையை நெருங்கியதும் சட்டென்று உள்பக்கம் திரும்பித் தலைக்குள் போகிறது. நாயின் உடல்வாகைப் பொறுத்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால்தான் செவிப்பறை. மடலைத் தூக்கிப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது இறங்குகிற குழாயின் வாய் மட்டும்தான். அதற்குள் பட்ஸை விடுகிறவர் நுனியில் ஒட்டிய கொஞ்சத்தை வெளியே எடுக்கிறார், மிச்சத்தைத் திருப்பத்தை நோக்கித் தள்ளிவிடுகிறார். வாரக் கணக்கில் தள்ளித் தள்ளி அங்கே குறும்பி கெட்டியாக அடைத்துப்போன காதுகள் நிறையவே வருகின்றன. சொந்தக்காரரிடம் கேட்டால், "தவறாம சுத்தம் பண்றேனே" என்பார். பொய் சொல்லவில்லை, தவறாமல்தான் செய்திருப்பார்.

அந்தக் குழாயின் உட்புறம் முழுக்கத் தோல். நம் கையில், காலில் இருப்பதுபோல் அதிலும் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் உண்டு, குறும்பியைச் சுரக்கும் தனிச் சுரப்பிகளும் உண்டு. ஆனால் காதின் தோலுக்கு மட்டும் ஒரு விசேஷ குணம் இருக்கிறது: அது நகரும். செவிப்பறையின் மேல் பிறக்கும் புதுச் செல்கள் ஓரத்துக்கு வந்து, குழாயின் சுவர் வழியாக மெல்ல மெல்ல வெளிவாசலை நோக்கி ஊர்கின்றன. வரும் வழியில் குறும்பியையும் உதிர்ந்த செல்களையும் உள்ளே போன தூசியையும் கூடவே கொண்டுவருகின்றன. நாய்களின் செவிப்பறையில் மைப்புள்ளி வைத்து, அந்தப் புள்ளி வெளிநோக்கி நகர்வதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். குறும்பியும் வேண்டாத பொருள் இல்லை. அதில் உள்ள கொழுப்பு தோலை ஈரம் ஊறாமல் காக்கிறது. கிருமியை எதிர்க்கும் பொருள்களும் அதில் உண்டு. மடலின் உட்புறத்தில் வெளிர் மஞ்சளாகவோ இளம் பழுப்பாகவோ கொஞ்சம் ஒட்டியிருந்து, வாடையும் இல்லாமல் இருந்தால், காது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை வாராவாரம் மருந்து நீர் ஊற்றிக் கரைத்து எடுத்தால், காவலை நாமே அகற்றி, அந்த இடத்தில் ஈரத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

"அப்படியானால் இத்தனை நாய்களுக்குக் காது நோய் எதனால் வருகிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடை புதிதல்ல. 1988இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜான் ஆகஸ்ட் வெளிக்காது அழற்சியின் காரணங்களைத் தரம் பிரித்து எழுதினார். நோயைத் தொடங்கிவைப்பவை ஒரு வகை: ஒவ்வாமை, காதுப்பேன், காதுக்குள் புகுந்த புல் ஊசி, தோலின் வளர்ச்சிக் கோளாறுகள் போன்றவை. நோய்க்கு இடம் கொடுப்பவை வேறு வகை: தொங்கும் மடல், குறுகிய குழாய், ஈரம். வந்த நோயைப் போகவிடாமல் நீட்டிப்பவை இன்னொரு வகை. இன்று உலகமெங்கும் தோல்நோய் மருத்துவர்கள் இந்தப் பாகுபாட்டை விரிவாக்கி அதன்மேல்தான் மருத்துவம் செய்கிறார்கள். அதில் அழுக்கு என்று ஒரு காரணமே கிடையாது. தண்ணீர் உண்டு, ஆனால் அது இடம் கொடுக்கும் காரணங்களில் ஒன்று. தோல் நன்றாக இருக்கும் நாய் கண்மாயில் குதித்து நீந்திவிட்டு வந்து தலையை உதறிக்கொண்டு போய்விடும். தோல் ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் நாய்க்கு அதே தண்ணீர் வினையாகிறது.

கிருமிகளையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். காதில் எடுத்த கசிவைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுவது மலசேசியா என்ற ஈஸ்ட். நிலக்கடலையைத் தோலோடு சிந்தியது போல, நடுவில் இடுங்கிய வடிவத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். மலசேசியாவில் நாய்க்காதில் வரும் இந்த வகையை முதலில் கண்டு விவரித்தவர் ஃபிரெட் வைட்மன், 1925இல். நாயிடமிருந்துகூட அல்ல, தோல் உரிந்துகொண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் உடம்பிலிருந்து. பின்னால்தான் இது நாயின் தோலிலும் காதிலும் இயல்பாகவே குடியிருக்கும் உயிர் என்று தெரியவந்தது. நலமான நாயின் காதிலும் அது இருக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் அப்படியே. கொஞ்சமாக இருக்கும்வரை தொந்தரவில்லை. ஒவ்வாமையால் தோல் சிவந்து, சூடேறி, சுரப்பிகள் வழக்கத்தைவிட அதிகம் சுரக்கத் தொடங்கும்போதுதான் அவை பெருகி நோயாகின்றன. கழுவித் துடைத்து அவற்றை ஒழித்துவிடலாம் என்று நினைப்பது வீண். சிவந்த தோலைக் கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் பழைய கூட்டம் திரும்பிவிடும்.

ஒரு லேப்ரடாரைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பெண் நாய். அழைத்து வந்த அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. பையைத் திறந்து பட்ஸ் டப்பா, பஞ்சு, ஒரு பாட்டில் காது கழுவும் நீர், பாதி தீர்ந்த சொட்டு மருந்துகள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை தவறாம சுத்தம் பண்றேன். அப்படியும் ரெண்டு மாசத்துக்கொரு தடவை நாத்தம் எடுத்துடுது. நான் எதைச் சரியாப் பண்ணலைன்னு சொல்லுங்க." மடலைத் தூக்கினேன். உட்புறம் முழுக்கச் சிவப்பு, தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. புளித்த வாடை. "அம்மா, முன்னங்காலைக் காட்டச் சொல்லுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, காதுக்கு வந்த இடத்தில் காலைக் கேட்கிறேனே என்று. பாதத்தைத் திருப்பி விரல்களை விரித்தால், இடுக்கில் வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. எச்சில் கறை. "நக்கிக்கிட்டே இருக்குமா?" "ராத்திரியெல்லாம் சளப் சளப்னு சத்தம் கேக்கும். பழக்கம்னு விட்டுட்டோம்." அக்குளைப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு.

காது, முன்னங்கால், அக்குள், வயிறு என்று வரிசையாக அரிக்கிற நாய்க்குக் காது நோய் தனி நோய் அல்ல. 2010இல் கிளோட் ஃபாவ்ரோவும் அவரோடு சேர்ந்தவர்களும் நாய்களின் ஒவ்வாமைத் தோல் அழற்சியை இனம்காணச் சில அடையாளங்களைத் தொகுத்தார்கள். மூன்று வயதுக்குள் அரிப்பு தொடங்குவது, வீட்டுக்குள்ளேயே வளர்வது, முன்னங்கால் பாதிப்பு, காது மடல் பாதிப்பு, திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட் தொற்று எல்லாம் அதில் உண்டு. காதுமடலின் ஓரம் மட்டும் பாதிக்கப்படாமல் இருப்பதும் ஓர் அடையாளம். ஓரம் சொரசொரவென்று பொருக்குத் தட்டியிருந்தால் ஒவ்வாமையைவிடச் சொறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த அம்மாவின் நாயிடம் இந்த அடையாளங்கள் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. ஆனால் அதுவரை அந்த நாயைப் பார்த்தவர்கள் யாரும் காதை விட்டுக் கண்ணை நகர்த்தவில்லை. அந்த அம்மா எதையும் சரியாகச் செய்யாமல் விடவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதுதான் தவறு.

ஒவ்வாமை எதற்கு என்று தேடினால் நம் வீடுகளில் முதலில் நிற்பவை வீட்டுத் தூசிப் பூச்சியும் உணவும். தூசிப் பூச்சிக்குக் கடலோர ஊர்களின் ஈரக்காற்று தோதானது. உணவு விஷயத்தில், 2016இல் ரால்ஃப் முல்லர் குழுவினர் அதுவரை வெளியான ஆய்வுகளிலிருந்து உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17 சதவீதம், கோழி 15 சதவீதம், கோதுமை 13 சதவீதம் என்று வந்தது. நம் வீட்டு நாய் எதைத் தின்கிறது? தயிர்ச் சோறு, பால், கோழிக் கழிவும் சோறும், பிஸ்கட். கேட்டால் "வீட்டுச் சாப்பாடுதானே, அதுல என்ன?" என்பார்கள். நாய் இதுவரை தின்றே பழகாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் நம்பகமான வழி. சலிப்பான வேலைதான். குழந்தைகள் மேசைக்கு அடியில் பிஸ்கட் போடாமல் எட்டு வாரம் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. ஆனால் காரணம் உணவாக இருந்து அதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் காதுக்குச் சொட்டு மருந்தே தேவைப்படாமல் போகலாம். வருஷக்கணக்கில் கழுவினாலும் அது நடக்காது.

"தொங்கும் காது, காற்று புகாது, அதனால்தான்" என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரிட்டனில் 22,333 நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்ததில், ஓராண்டில் 7.3 சதவீத நாய்களுக்கு வெளிக்காது அழற்சி வந்திருந்தது. நிமிர்ந்த காதோடு ஒப்பிட்டால் தொங்கும் காதுக்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது. ஆனால் கலப்பு நாயோடு ஒப்பிட்டால் பாசெட் ஹவுண்டுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு. பட்டியலின் மேலே ஷார்பேய், பீகிள், கோல்டன் ரிட்ரீவர் எல்லாம் இருந்தன. கீழே சிவாவாவும் பார்டர் கோலியும். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வளர்ப்பு, ஆனால் இனத்துக்கு இனம் இவ்வளவு வித்தியாசம். சுத்தம் செய்யாததுதான் காரணமென்றால் பாசெட் வளர்க்கும் ஆங்கிலேயர் எல்லோரும் சோம்பேறிகள், சிவாவா வளர்ப்பவர் எல்லோரும் சுத்தக்காரர்கள் என்றல்லவா ஆகும்? நம் ஊரில் ஜெர்மன் ஷெப்பர்டைப் பாருங்கள். காது நேரே நிமிர்ந்து நிற்கிறது, காற்று தாராளமாகப் போகிறது, அதற்கும் காது கெடுகிறது. ஏனென்றால் ஒவ்வாமைத் தோல் அந்த இனத்தில் அதிகம்.

அதே 7.3 சதவீதத்தை வைத்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நான் வாராவாரம் சுத்தம் பண்றேன், என் நாய்க்கு ஒண்ணுமே வந்ததில்ல" என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நூற்றில் தொண்ணூற்று மூன்று நாய்க்கு அந்த ஆண்டு ஒன்றும் வரவில்லை. அந்தத் தொண்ணூற்று மூன்றில் அவருடைய நாயும் ஒன்று, அவ்வளவுதான். கழுவாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதில் மட்டும் நான் எதிர்த்தரப்போடு பாதி உடன்படுகிறேன். காதை உலர வைக்க வேண்டும் என்பது சரி. ஊறிய தோல் எளிதில் புண்ணாகும், ஈரத்தில் சூடோமோனாஸ் போன்ற பொல்லாத கிருமிகள் செழிக்கும். ஆனால் உலர்த்துவதும் கழுவுவதும் ஒன்றல்ல. உலர்த்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு திரவத்தை உள்ளே ஊற்றுகிறார்கள் பலர். குளிப்பாட்டும்போதே தலையில் குடத்தைக் கவிழ்க்காமல், முகத்தையும் தலையையும் ஈரத்துணியால் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு நாயை உதற விடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சுவரிலும் சேலையிலும் தண்ணீர் தெறிக்கிறது என்று நாயைப் பிடித்து அமுக்கி உதறவிடாமல் செய்வதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். 2012இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ குழுவினர் ஈரமான பிராணிகள் உதறுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து அளந்தார்கள். லேப்ரடார் ஒரு நொடிக்கு நான்கு முறைக்கு மேல் உடம்பைத் திருப்பி உதறுகிறது. சில நொடிகளில் உடம்பின் ஈரத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. காது மடல் படபடவென்று அடித்துக்கொள்ளும் அந்த வேகத்தைவிட நல்ல உலர்த்தி நம் கையில் இல்லை. இரண்டு மூன்று முறை உதறிய பிறகு மடலைத் தலைமேல் மடித்து வைத்து, உலர்ந்த பருத்தித் துணியை விரலில் சுற்றி, மடலின் உட்புறத்தையும் குழாயின் வாயையும் ஒற்றி எடுங்கள். விரல் எவ்வளவு தானாகப் போகிறதோ அவ்வளவு போதும். மடல் கனமான காக்கர் ஸ்பேனியல் மாதிரி நாய்க்குக் கொஞ்ச நேரம் மடல் மேலே மடிந்தபடியே இருக்கட்டும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றைக் காதுக்குள் விடக் கூடாது. சத்தம் வேறு, சூடு வேறு, நாய் அடுத்த முறை குளியலென்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

தினமும் நீந்துகிற நாய்க்கும், நீந்திய பிறகு காது கெட்ட வரலாறு உள்ள நாய்க்கும் உலர்த்தும் தன்மையுள்ள காதுநீரை மருத்துவர் எழுதித் தரலாம். அது அந்த நாய்க்கு. பக்கத்து வீட்டு நாய்க்கு அல்ல.

மழையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் நனைந்து கிடக்கும் நாய்களின் காதை யார் துடைக்கிறார்கள்? ஈரமே நோயென்றால் மார்கழி பிறக்கும்போது தெருவில் ஒரு நாயும் சீழில்லாமல் இருக்கக் கூடாது. தெருநாயின் காதில் நாம் பார்ப்பது வேறு: உண்ணி, சொறி, கடிபட்ட கிழிசல். அவற்றுக்கும் தக்க மருத்துவம் வேண்டும். உண்ணி காது மடிப்பில் கூடாரம் போடுகிற பூச்சி. அதற்கு மண்ணெண்ணெய் தடவுகிற கொடுமை இன்னும் நடக்கிறது. இன்று மாதம் ஒரு மாத்திரையில் உண்ணியும் காதுப்பேனும் சொறியும் சேர்ந்தே போகும் மருந்துகள் இருக்கின்றன. குட்டிகளின் காதில் காப்பித் தூள் போல் கறுப்பாக உதிர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் காதுப்பேன்தான். எவ்வளவு கழுவினாலும் பேன் போகாது, மருந்துக்குத்தான் போகும்.

இனி, காதுக்குள் ஊற்றப்படும் பொருள்களுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து விடுகிறார்கள். வேப்பெண்ணெய், மஞ்சள் குழைத்த எண்ணெய், உப்புத் தண்ணீர் எல்லாம் போகின்றன. எண்ணெய் இறங்கும் குழாயில் இறங்கித் திருப்பத்தில் தங்கிவிடும்; ஈஸ்ட் கொழுப்பை உண்டு வளர்வது, அதற்கு விருந்து வைத்ததுபோல் ஆகிறது. புண்ணான தோலில் கற்பூரம் எரியும். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்து "அழுக்கு வருது பாருங்க" என்று மகிழ்கிறார்கள். அந்த நுரை அழுக்கல்ல. செல்களில் இருக்கும் ஒரு நொதி பெராக்சைடை உடைக்கும்போது வெளிவரும் ஆக்சிஜன். நுரை அடங்கியதும் மிஞ்சுவது தண்ணீர். எதை உலர்த்த வந்தோமோ அதையே நனைத்துவிட்டுப் போகிறோம். தோலையும் அது அரிக்கும். ஸ்பிரிட், டெட்டால் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவற்றைச் சிவந்த காதில் விட்டால் நாய் அலறும். அந்த அலறலுக்குப் பிறகு அந்த நாய் யாரையும் காதைத் தொட விடாது. மருத்துவரையும்தான்.

செவிப்பறை கிழிந்திருந்தால் ஆபத்து இன்னும் பெரியது. நாள்பட்ட காது நோயில் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு நோய் நடுக்காதுவரை போயிருக்கும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. அப்படிப்பட்ட காதுக்குள் குளோரெக்சிடின் போன்ற கிருமிநாசினியோ ஜென்டமைசின் சேர்ந்த சொட்டு மருந்தோ போனால், உட்காதைத் தொட்டுக் கேட்கும் திறனையே பறிக்கலாம், தலையைச் சாய்த்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்க வைக்கலாம். செவிப்பறை இருக்கிறதா என்று ஆட்டோஸ்கோப்பில் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். மெடிக்கல் கடையில் மனிதக் காதுக்கென்று விற்கும் சொட்டு மருந்தை வாங்கி விடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பூடில், ஷிட்ஸு, லாசா ஆப்சோ வளர்ப்பவர்களிடம் காதுமுடியைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பிடி வழுக்காமல் இருக்கப் பவுடர் போட்டு, கொத்துக் கொத்தாக உருவுகிறார்கள். ஒவ்வொரு முடியும் வரும்போது அதன் வேர் இருந்த இடத்தில் ஒரு நுண்ணிய காயம். மிஞ்சிய பவுடர் குறும்பியோடு சேர்ந்து கட்டியாகிறது. வெள்ளிக்கிழமை பிடுங்கினால் திங்கட்கிழமை சொறியத் தொடங்குகிற குட்டிகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். நோயில்லாத காதில் முடியைத் தொடாதீர்கள் என்றே இன்று தோல்நோய் மருத்துவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நோய் வந்து, முடி மருந்தைத் தடுக்கிறதென்றால், மயக்கத்தில் வைத்து மருத்துவர் எடுப்பது வேறு விஷயம்.

இடையில் ஒன்று, இது காது நோயல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை, காதடைப்பு, கழுவிவிடுங்கள் என்று வருகிறார்கள். நிறமிச் செல்கள் இல்லாததால் பிறந்து சில வாரங்களிலேயே உட்காது செயலிழக்கும் பரம்பரைச் செவிடு அது. அந்தக் காதைத் துழாவி எதையும் மீட்க முடியாது. அந்த நாயைக் கைச்சைகையில் பழக்கலாம், நன்றாகவே பழகும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக் கூடாது.

"எந்த நாய்க்குமே கழுவக் கூடாதா?" கழுவ வேண்டிய நாய்கள் உண்டு. அந்த லேப்ரடாரும் அதில் ஒன்று. ஒவ்வாமை உறுதியான நாய், சுரப்பு தாங்காமல் வழியும் காது, சீழ் நிறைந்து மருந்து தோலைத் தொட முடியாத காது, இவற்றுக்குக் கழுவுவது மருத்துவத்தின் ஒரு பகுதி. அவற்றுக்காக எழுதப்பட்ட வாராந்தர அட்டவணைதான் கைமாறிக் கைமாறி எல்லா நாய்க்கும் பொதுவிதியாகிவிட்டது. கழுவும் விதமும் வேறு. பாட்டிலைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, குழாய் நிரம்பும்வரை நீரை விட வேண்டும். அடிக்காதை விரலால் பிடித்து அரை நிமிடம், ஒரு நிமிடம் மெல்லப் பிசைந்தால் உள்ளே சளக் சளக்கென்று சத்தம் வரும். கையை எடுத்து நாயை உதற விட வேண்டும். மேலே வந்ததை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே குச்சி கிடையாது, சிரிஞ்சால் அடிப்பது கிடையாது. அந்த அம்மாவுக்கு இதையும் சொல்லிக் கொடுத்தேன், கூடவே உணவுச் சோதனையையும் அரிப்புக்கான மருந்தையும் தொடங்கினோம். அரிப்பு அடங்கிய பிறகு கழுவும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனோம்.

நலமான நாய்க்கு வாரம் ஒரு முறை செய்ய வேண்டியது, மடலைத் தூக்கிப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும். சிவப்பு தெரிகிறதா, வாடை மாறியிருக்கிறதா, தொட்டால் முகத்தைச் சுளிக்கிறதா, ஒரு பக்கமே சொறிகிறதா, இவ்வளவுதான். சீழ் வருவதற்கு நாள்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் முன்னால் சிவப்பு வந்துவிடும். அந்தச் சிவப்பில் பிடித்துவிட்டால் வேலை சுலபம். விட்டுவிட்டால் தோல் தடிக்கும், குழாய் குறுகும், குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்து கல்லாகும். அதற்குப் பிறகு குழாயையே வெட்டி எடுக்கும் அறுவைதான் மிச்சம். அந்த நிலையில் வருகிற நாய்களில் பலவும் வருஷக்கணக்கில் கழுவப்பட்டவை, சொட்டு மருந்து மாற்றி மாற்றி விடப்பட்டவை. அவற்றின் கசிவை ஒரு முறையாவது நுண்ணோக்கியில் பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

இங்கே என் தொழில்காரர்களைத்தான் குற்றம் சொல்கிறேன். ஒரு பஞ்சுக் குச்சி, ஒரு கண்ணாடிச் சில்லு, சாயம், நுண்ணோக்கி. பத்து நிமிட வேலை. ஈஸ்டா, உருண்டை பாக்டீரியாவா, குச்சி வடிவ பாக்டீரியாவா என்று அதில் தெரிந்துவிடும். அதற்கேற்றபடி மருந்து மாறும். பார்க்காமல் எழுதப்படும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து ஈஸ்டைத் தொடாது, சூடோமோனாஸுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்வதற்குத்தான் உதவும். செலவாகும் என்று வீட்டுக்காரர் தயங்கலாம். மூன்று பாட்டில் சொட்டு மருந்தின் விலையை அந்தச் செலவு எட்டாது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் அரசு மருத்துவமனைகளே இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நாற்றத்தோடு கூட்டிப்போக வெட்கப்பட்டு, முதல்நாள் இரவே காதைக் கழுவித் துடைத்துப் பவுடர் போட்டு அழைத்து வருகிறார்கள். கழுவிய காதில் சில்லில் ஒட்ட எதுவும் இருக்காது. இரண்டு மூன்று நாளாவது எந்த மருந்தும் எண்ணெயும் விடாமல், துடைக்காமல், அந்த வாடையோடேயே கூட்டிவாருங்கள். மேசைமேல் ஏற்றியதும் முதல் வேலையாகக் குச்சியில் எடுத்துப் பார்க்கிறோம்.